அலை ஊதும் படிக்கட்டு

ஸாடர் நகரின் மேற்குக் கரைக்குச் சிற்பம் பார்க்கப் போகிறவர் முதலில் சற்றுத் திகைப்பார். பீடமோ சுற்றுவேலியோ கண்ணில் படாது. கடலுக்குள் இறங்கும் வெள்ளைக் கற்படிகளும், அவற்றில் ஐஸ்கிரீம் தின்றபடி கால்நீட்டி உட்கார்ந்திருக்கும் ஜனங்களும்தான். பயணியும் போய் ஒரு படியில் அமர்கிறார். கல்லுக்கு அடியிலிருந்து கனத்த ‘ஹூம்’ ஒன்று எழுந்து, பக்கத்துப் படியில் இன்னொரு சுரமாக நகர்கிறது.

குரோஷியாவின் அட்ரியாட்டிக் கரையில் இருக்கும் இந்த ஊரின் பெரும்பகுதியை இரண்டாம் உலகப் போரில் நேச நாடுகளின் விமானங்கள் தரைமட்டமாக்கின. மீட்டுக் கட்டிய அவசரத்தில் கடலோரத்துக்குக் கிடைத்தது நீளமான ஒரு கான்கிரீட் சுவர். 1991இல் யூகோஸ்லாவியா உடைந்தபோது மறுபடியும் ஷெல்லடி. மின்சாரமும் குடிநீரும் தடைபட்டுத் தவித்த காலம் அது. அந்த மொட்டைச் சுவரோரத்துக்கு உயிர் கொடுக்கும் வேலை கடைசியில் கட்டடக்கலைஞர் நிகோலா பாஷிச்சிடம் வந்து சேர்ந்தது. முர்தெர் தீவுக்காரர். கடலோடு வளர்ந்தவர்.

2005இல் திறக்கப்பட்ட அவருடைய ‘கடல் ஆர்கன்’ சுமார் 70 மீட்டர் நீளம். படிகளை ஏழு பகுதிகளாகப் பிரித்து, பகுதிக்கு ஐந்தாக மொத்தம் 35 குழாய்களை உள்ளே புதைத்திருக்கிறார்கள். குழாயின் ஒரு முனை தண்ணீருக்குள் இருக்கிறது. அலை உள்ளே ஏறும்போது குழாயில் இருக்கும் காற்று நெருக்கப்பட்டு மேலே ஓடுகிறது. வழியில் பொருத்திய ஊதலின் கூரான விளிம்பில் மோதிச் சுரமாகி, நடைபாதையில் இருக்கும் துளைகள் வழியே வெளியே வருகிறது. தத்துவம் புல்லாங்குழலுடையதுதான், ஊதுகிறவர் மட்டும் வேறு. சுரங்களை ஒன்றோடொன்று இசையும்படி தேர்ந்திருப்பதால், அலை எந்த வரிசையில் வந்தாலும் அபசுரம் தட்டுவதில்லை. ராகமும் தாளமும் எதிர்பார்க்கும் காதுக்கு முதல் சில நிமிஷம் பொறுமை வேண்டும். எதிரே உக்லியான் தீவு திறந்த கடலை மறைத்துக்கொண்டிருப்பதால் அமைதியான நாளில் முனகல்தான் கேட்கும். ஒரு படகு கடந்து போகட்டும், அதன் அலை கரைக்கு வந்ததும் மொத்தப் படிக்கட்டும் குரலெடுத்துப் பாடும். 2006இல் நகரப் பொதுவெளிக்கான ஐரோப்பியப் பரிசு இதற்குக் கிடைத்தது.

சில அடி தள்ளி, தரையோடு தரையாக 22 மீட்டர் விட்டத்தில் ஒரு வட்டம். 2008இல் பாஷிச் அமைத்த ‘சூரிய வணக்கம்’ இது. 300 கண்ணாடிப் பலகைகள், அவற்றுக்கு அடியில் சூரிய மின்தகடுகள். மேலே யார் வேண்டுமானாலும் நடக்கலாம். குழந்தைகள் உருண்டு புரளுகிறார்கள். சுற்றியுள்ள உலோக வளையத்தில் புனிதர்களின் பெயர்களையும் வானியல் குறிப்புகளையும் பொறித்திருக்கிறார்கள். இந்த ஊரில் 13ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்ட நாட்காட்டி ஒன்றின் நினைவாக அது. அருகே, சூரியனைக் குறிக்கும் இந்த வட்டத்திலிருந்து தள்ளித் தள்ளி, கோள்களும் சிறு வட்டங்களாகக் கிடக்கின்றன. பகலில் சேரும் மின்சாரம் இரவில் இந்த வட்டத்தையும் கடலோர விளக்குகளையும் எரிய வைக்கிறது. ஆண்டுக்குச் சுமார் 46,500 யூனிட் என்பது ஊர் சொல்லும் கணக்கு. யாருடைய வீட்டுக் கூரையிலும் இல்லாமல், எல்லோரும் மிதிக்கும் பொதுத்தரையிலேயே ஒரு மின் நிலையம்!

ஆனாலும் இரண்டில் பயணியின் ஓட்டு ஆர்கனுக்கே. இருட்டியதும் கண்ணாடி வட்டத்தில் நீலமும் சிவப்பும் மாறி மாறி ஓடத் தொடங்கும்போது, திருவிழாப் பந்தலின் சீரியல் செட் நினைவுக்கு வருவதைத் தடுக்க முடியவில்லை. ஒளி கடலைப் பின்தொடரும்படிதான் அமைத்தார்களாம். செல்ஃபிக் கூட்டத்தின் கால்களுக்கு நடுவே அது யாருக்கும் புலப்படுவதாகத் தெரியவில்லை. ஆர்கனுக்கு அந்தச் சிக்கல் இல்லை. கண்ணை மூடிக்கொண்டால் அது இன்னும் நன்றாகக் கேட்கிறது. 1964இல் இங்கு வந்த திரைப்பட இயக்குநர் ஹிட்ச்காக் இவ்வூர் சூரிய அஸ்தமனத்தைப் புகழ்ந்த கதையைச் சொல்லாத வழிகாட்டி கிடையாது. அவர் வந்தபோது இந்தப் படிகள் இல்லை, பாவம்.

பாஷிச்சின் மூன்றாவது படைப்பையும் பார்க்க விரும்புகிறவர் கொர்நாட் தீவுக்குப் படகேற வேண்டும். 2007 ஆகஸ்டில் அங்கே பற்றிய காட்டுத்தீ 12 தீயணைப்பு வீரர்களைப் பலிகொண்டது. அவர்கள் நினைவாகத் தீவின் கற்களையே பொறுக்கி, சாந்து இல்லாமல் அடுக்கி, தரையில் படுத்த நிலையில் பிரம்மாண்டமான சிலுவைகளை எழுப்பினார்கள். கல் அடுக்கியவர்கள் தன்னார்வலர்கள். தலைமுறை தலைமுறையாக ஆட்டுப்பட்டிகளுக்கும் ஒலிவத் தோட்டங்களுக்கும் சுவர் வைத்த அதே கைமுறைதான் இதற்கும். இங்கே மின்சாரமும் இல்லை, சுரமும் இல்லை. தீவில் பெரும்பாலும் பாறைதான், ஒதுங்க நிழல் கிடைப்பது அரிது. போகிறவர் தண்ணீரும் தொப்பியும் கையோடு கொண்டுபோவது நல்லது.