தவிலுக்கு ஒரு ஹெட்ஃபோன்

ஹெட்ஃபோன் வாங்கப் போகிறேன் என்று ஹாஸ்டலில் ஒருமுறை வாயைத் திறந்து பாருங்கள். ஆளுக்கொரு சிபாரிசு வந்து விழும். ஒருத்தன் "மச்சி, இதுல பேஸ் சும்மா அதிரும்டா" என்பான். இன்னொருத்தன் "இந்தக் காலத்துல எவன்டா வயர் வச்சது வாங்குவான்?" என்பான். மூன்றாமவன் எதுவும் பேசாமல் பதினைந்து வீடியோ சுட்டிகளை அனுப்பிவிட்டுத் தூங்கப் போய்விடுவான். எதைக் கேட்பதற்கு வாங்குகிறாய் என்று மட்டும் ஒருத்தரும் கேட்பதில்லை.

என்னிடம் அதற்குப் பதில் இருந்தது: தவில்.

என் பெரியப்பா தவில்காரர். கும்பகோணத்தைச் சுற்றியுள்ள கோயில்களிலும் கல்யாணங்களிலும் நாற்பது வருஷமாக வாசிக்கிறார். அவர் பிள்ளைகள் இரண்டு பேரும் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். தவில் எடுக்க வீட்டில் அடுத்த கை கிடையாது. "அவர் கை ஓடும்போதே எல்லாத்தையும் பதிஞ்சு வச்சுடுப்பா" என்று பெரியம்மா சொல்லி ஒரு வருஷம் ஆயிற்று. மைக் இரவல் கிடைத்தது. சின்ன ஆடியோ இன்டர்ஃபேஸ் ஒன்று வாங்கியாயிற்று. லேப்டாப் இருக்கிறது. பதிந்ததைச் சரியாகக் கேட்க ஒன்று வேண்டும். அதையே தஞ்சாவூர் - கும்பகோணம் பஸ்ஸில் இளையராஜா கேட்கவும் மாட்டிக்கொள்ள வேண்டும். இரண்டு வாங்க வசதியில்லை. ஆகவே ஒன்றே ஒன்று, இரண்டு வேலைக்கும்.

இந்த மாதிரி ஒன்றைத் தேடும் மாணவர்கள் நிறையப் பேர் இருப்பீர்கள். தவில் இல்லாவிட்டால் கிட்டார், கிட்டார் இல்லாவிட்டால் குறும்பட எடிட்டிங். நான் தேடிப் படித்ததையும் இரவல் வாங்கிப் போட்டுப் பார்த்ததையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

மானிட்டர் என்றால் என்ன?

சாதாரண ஹெட்ஃபோன் கல்யாண ஆல்பம் மாதிரி. முகத்தைக் கொஞ்சம் வெளுப்பாக்கி, பின்னால் ஒரு அருவியும் வைத்துக் கொடுக்கும். ஸ்டூடியோ மானிட்டர் ஹெட்ஃபோன் எக்ஸ்ரே மாதிரி. அழகாக இருக்கிறதா என்று பார்ப்பது அதன் வேலை இல்லை, எங்கே உடைந்திருக்கிறது என்று காட்டுவதே வேலை.

இது ஏன் முக்கியம்? ஹெட்ஃபோனில் இருக்கும் குறை, நீங்கள் செய்யும் மிக்ஸில் தலைகீழாகப் போய் உட்கார்ந்துகொள்ளும். உதாரணத்துக்குத் தவிலையே எடுத்துக்கொள்வோம். வலந்தலையில் கூடு மாட்டிய விரல்கள் விழும்போது கணீரென்ற வெட்டு. தொப்பியில் கோல் விழும்போது கீழே உருளும் கனம். பேஸை ஏற்றிக் காட்டும் ஹெட்ஃபோனில் கேட்டால் தொப்பி தாராளமாக இருப்பதாகத் தோன்றும். "அதிகமாக இருக்கிறதே" என்று நீங்கள் குறைப்பீர்கள். வேறு எதில் போட்டாலும் அந்தப் பதிவில் தொப்பியே இருக்காது, தகர டப்பாவைத் தட்டுகிற மாதிரி இருக்கும். மேல் அதிர்வெண்ணை ஏற்றிக் காட்டும் ஹெட்ஃபோனில் நாதஸ்வரத்தின் சீவாளி காதைக் கிழிக்கும். நீங்கள் அதைக் குறைத்தால் வெளியே நாதஸ்வரம் கம்பளிக்குள் வாசித்த மாதிரி வரும்.

ஆகவே மானிட்டருக்கு முதல் தகுதி, எதையும் கூட்டாமல் குறைக்காமல் சொல்வது. இதற்கும் விலைக்கும் பெரிய சம்பந்தம் இல்லை என்பதுதான் மாணவர்களுக்கு நல்ல சேதி. 2017இல் யெரூன் ப்ரீபார்ட் என்ற ஆய்வாளர் 283 ஹெட்ஃபோன்களின் அளவீடுகளை எடுத்து ஒப்பிட்டார். விலைக்கும் அதிர்வெண் சமநிலைக்கும் தொடர்பே தென்படவில்லை என்பது அவர் முடிவு.

வயர் ஏன்?

ப்ளூடூத் மோசம் என்று சொல்ல வரவில்லை. பாட்டு மட்டும் கேட்கிறவர்களுக்கு அது சௌகரியம். ஆனால் சத்தம் போனிலிருந்து கிளம்பி, சுருக்கப்பட்டு, பறந்து, விரிந்து காதுக்கு வந்து சேருவதற்குச் சாதாரணமாக 0.2 நொடி வரை ஆகும்.

இது அற்பமாகத் தெரியும். கணக்குப் போடுங்கள். ஒரு அட்சரத்துக்கு ஒரு நொடி என்று வைத்து, அதற்குள் எட்டுச் சொல் விழுந்தால், ஒரு சொல்லுக்கு 0.125 நொடிதான். முன்பே பதிந்த நாதஸ்வரத்தைக் கேட்டுக்கொண்டே பெரியப்பா ப்ளூடூத்தில் வாசித்தால், பதிவில் ஒன்றரைச் சொல் பின்னால் விழும். நாற்பது வருஷம் தாளம் தப்பாதவரைத் தாளம் தப்ப வைக்க இந்த ஒரு சாதனம் போதும். வயரில் இந்தத் தொல்லை கிடையாது. சார்ஜ் போட வேண்டாம். கரண்ட் போனாலும் ஹெட்ஃபோன் சாகாது.

போனில் 3.5 மி.மீ. துளையே இல்லையே என்பீர்கள். 2016இல் ஐபோன் 7 அதை எடுத்துவிட்ட பிறகு ஒவ்வொரு கம்பெனியாக எடுத்துவிட்டது. யுஎஸ்பி-சி டாங்கிள் ஒன்று வாங்கிக்கொண்டால் தீர்ந்தது.

மூடியதா, திறந்ததா?

காதுக் கிண்ணத்தின் பின்பக்கம் அடைத்திருந்தால் மூடிய வகை. சல்லடை மாதிரி இருந்தால் திறந்த வகை. திறந்த வகையில் சத்தம் காற்றோட்டமாக, தலைக்கு வெளியே இருப்பது போலக் கேட்கும். 1997இல் வந்து இன்றும் பேர் சொல்லும் சென்ஹைசர் எச்டி 600 இந்த வகைதான். ஆனால் நம் வீடுகளை நினைத்துப் பாருங்கள். தலைக்கு மேல் ஃபேன், தெருவில் ஆட்டோ, அறுவடைக் காலத்தில் கதிர் அறுக்கும் மெஷின், ஐப்பசி மழை விட்டதும் வயலெல்லாம் தவளை. அத்தனையும் திறந்த ஹெட்ஃபோனுக்குள் வந்துவிடும். உள்ளே இருக்கும் சத்தமும் வெளியே ஒழுகி மைக்கில் விழும். பதிவு வேலைக்கு அது ஆகாது. மூடிய வகைதான் சரி.

அதற்காக மூடிய வகை தவிலை அடைத்துவிடும் என்று நம்ப வேண்டாம். இந்தக் கிண்ணங்கள் மேல் அதிர்வெண்ணைத்தான் நன்றாகத் தடுக்கும், கீழ் அதிர்வெண் உள்ளே வந்துவிடும். தவில் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு தொப்பி சரியாகப் பதிகிறதா என்று ஹெட்ஃபோனில் தீர்ப்புச் சொல்ல முடியாது, நேரிலே கேட்பதும் சேர்ந்து கேட்கும். பதியும்போது மீட்டரைப் பார்த்து அளவு வையுங்கள். உச்சம் -12 டெசிபல் அளவில் நின்றால் திடீரென்று ஒரு மோரா பலமாக விழுந்தாலும் உடையாது. பிறகு வேறு அறையில் உட்கார்ந்து ஹெட்ஃபோனில் தீர்ப்பு.

ஓம் கணக்கு

பெட்டியில் 32 ஓம், 80 ஓம், 250 ஓம் என்று போட்டிருப்பார்கள். ஓம் அதிகமாக இருந்தால் அதே சத்தத்துக்குப் பொதுவாக அதிக வோல்டேஜ் வேண்டும். போனும் மலிவான டாங்கிளும் அவ்வளவு தராது. பேயர்டைனமிக் டிடி 770 ப்ரோ 32, 80, 250 என்று மூன்று விதமாகவும் வந்திருக்கிறது. பெரிய எண்தான் உசத்தி என்று 250 ஓமை வாங்கி போனில் செருகினால் சத்தம் சோனியாகத்தான் வரும். (கம்பெனி சோனி இல்லை, நோஞ்சான் சோனி.) போனிலும் போட வேண்டும் என்றால் 80 ஓமுக்குக் கீழே பாருங்கள்.

கடைசிச் சுற்றில் நின்றவை

தஞ்சாவூரில் போட்டுக் கேட்டுப் பார்த்து வாங்கும் கடை எதுவும் எனக்கு அகப்படவில்லை. சீனியர்களிடமும், கல்யாண வீடியோ எடிட் பண்ணும் ஒரு அண்ணனிடமும் இரவல் வாங்கி, ஆளுக்கு ஒரு வாரம் பெரியப்பா வீட்டில் வைத்துக் கேட்டேன். விலை மாதத்துக்கு மாதம் மாறுவதால் அதை எழுதவில்லை.

சோனி எம்டிஆர்-7506. 1991இல் வந்தது, இன்றும் உலகமெங்கும் ரேடியோ, சினிமா ஒலிப்பதிவுக்காரர்கள் கழுத்தில் தொங்குவது. 63 ஓம். குற்றம் கண்டுபிடிப்பதில் நக்கீரர். பின்னணி இரைச்சல், மூச்சுச் சத்தம், நாற்காலிக் கிறீச்சு ஒன்றும் தப்பாது. மேல் அதிர்வெண் கொஞ்சம் தூக்கல். ரொம்ப நேரம் நாதஸ்வரம் கேட்டால் காது அலுக்கிறது. சுருள் வயரைக் கழற்ற முடியாது. இதில் போலி நிறைய உலவுவதால் தெரிந்த இடத்தில்தான் வாங்க வேண்டும்.

பேயர்டைனமிக் டிடி 770 ப்ரோ, 80 ஓம். காதைச் சுற்றி வெல்வெட் மாதிரித் துணி மெத்தை. அக்கினி நட்சத்திரத்தில் தஞ்சாவூரில் உட்கார்ந்து மிக்ஸ் பண்ணினால் இதன் அருமை தெரியும். சுகத்தில் முதல் மார்க். ஆனால் இதிலும் மேலே ஒரு கூர்மை உண்டு, கீழேயும் கொஞ்சம் தாராளம். வயர் இதிலும் நிரந்தரம்.

ஆடியோ டெக்னிகா ஏடிஎச்-எம்40எக்ஸ். 2014இல் வந்தது. 35 ஓம், போனிலேயே நன்றாக ஓடும். இதன் அண்ணன் எம்50எக்ஸ்தான் பிரபலம், ஆனால் என் காதுக்குத் தம்பிதான் சமநிலை. வயரைத் திருகிக் கழற்றலாம். நேர் வயர் ஒன்றும் சுருள் வயர் ஒன்றும் பெட்டியிலேயே வருகின்றன. குறை: மெத்தை தோல் மாதிரியான ரெக்ஸின். நம் ஊர் வியர்வையில் சீக்கிரம் உரியும், மாற்று மெத்தை வாங்கிப் போட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

பெரியப்பாவின் தீர்ப்பு

அளவீட்டு வரைபடங்களை நான் பார்த்த மாதிரி பெரியப்பா பார்க்கவில்லை. அவர் வாசித்த ஒரே தனியை, பெயர் சொல்லாமல், ஒவ்வொன்றிலும் போட்டுக் காட்டினேன். கூடவே, ஹாஸ்டலில் எல்லோரும் கொண்டாடும் ஒரு பேஸ் ஹெட்ஃபோனையும் சேர்த்துக்கொண்டேன்.

பேஸ் ஹெட்ஃபோனை மாட்டியதும் சிரித்தார். "நல்லாத்தான் இருக்கு. யாருப்பா வாசிக்கிறது?"

சோனியில்: "கூடு சத்தம் தனியாக் கேக்குது. மோதிர விரல் கூடு லூசா இருந்திருக்கு பாரு." (உண்மை. வாசித்து முடித்ததும் அதைக் கழற்றி வேறு மாட்டியிருந்தார்.)

டிடி 770இல் கண்ணை மூடிக்கொண்டு ரொம்ப நேரம் கேட்டார். "சொகமா இருக்கு."

எம்40எக்ஸில் இரண்டு ஆவர்த்தனம் போனதும் இடது கை தானாகத் தொடையில் கோல் பிடித்துத் தட்ட ஆரம்பித்தது. "இது என் தொப்பி."

அதையே வாங்கினேன்.

வேறொன்றும் கவனித்தேன். எல்லா ஹெட்ஃபோனிலும் அவர் வைக்கச் சொன்ன சத்தம், நான் வைப்பதைவிட ரொம்ப அதிகம். வீட்டில் டிவியும் அப்படித்தான். நாற்பது வருஷம் இரண்டு பக்கமும் தவில், முன்னால் நாதஸ்வரம். காது தன் பங்கைக் கொடுத்திருக்கிறது. உலக சுகாதார அமைப்பு சொல்லும் கணக்கு இது: 80 டெசிபல் சத்தத்தை வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம். ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் நேரம் பாதியாகும். 90 டெசிபலுக்கு வாரம் 4 மணி நேரம்தான். பெரியப்பாவுக்கு அது பிழைப்பு, வேறு வழி இல்லை. பஸ் இரைச்சலை அமுக்குவதற்காக வால்யூமை ஏற்றும் நமக்கு அந்தச் சாக்குக் கிடையாது. மூடிய ஹெட்ஃபோன் வெளிச்சத்தத்தைக் குறைப்பதால் கம்மி வால்யூமில் கேட்கலாம். மூடிய வகை வாங்க எனக்கு இதுவே பெரிய காரணம்.

வாங்கிய பிறகு

முதலில், உங்களுக்கு நன்றாகத் தெரிந்த சத்தத்தைப் போடுங்கள். தம்புரா ஒன்று போதும். ஜீவா நூல் சரியாக நின்ற தம்புராவில் ஒரு தந்தியைத் தொட்டால் மேலே ஸ்வரங்களாகப் பூக்கும். ஹெட்ஃபோன் மந்தமாக இருந்தால் அந்தப் பூ கருகிவிடும், கூர்மையாக இருந்தால் வெறும் இரைச்சலாகும். அடுத்து, திருவையாறு ஆராதனையின் பஞ்சரத்ன ஒலிபரப்பு. நூற்றுக்கணக்கான குரல்கள் ஒன்றாகப் போகும்போது நடுவில் ஒரு வயலினைப் பிடித்துக்கொண்டு கடைசி வரை போக முடிகிறதா என்று பாருங்கள். பழைய பதிவுகளிடம் மட்டும் நியாயமாக நடந்துகொள்ளுங்கள். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடியை இசைத்தட்டில் எவ்வளவு பிடிக்க முடிந்ததோ அவ்வளவுதான் இருக்கும். விலை உயர்ந்த ஹெட்ஃபோன் போட்டால் தோடி கூடாது, கீறல்தான் கூடும்.

இரண்டாவது, ஹெட்ஃபோனை மட்டும் நம்பி மிக்ஸை முடிக்காதீர்கள். ஸ்பீக்கரில் இடப்பக்கச் சத்தம் இரண்டு காதுக்கும் போகும். ஹெட்ஃபோனில் இடது இடதுக்கு மட்டும்தான். இரண்டு நாதஸ்வரத்தையும் ஆளுக்கொரு ஓரத்தில் வைத்தால் ஹெட்ஃபோனில் பிரமாதமாக இருக்கும். அதே பதிவு நம் ஊர்க் கோயில் மைக் செட்டில் குழாய் ஸ்பீக்கர் வழியாக வரும்போது ஓரமும் கிடையாது, பேஸும் கிடையாது. பெரியப்பாவின் பதிவைக் கேட்கப் போகிறவர்கள் பெரும்பாலும் போன் ஸ்பீக்கரிலும் குழாயிலும்தான் கேட்பார்கள். அங்கேயும் தவில் தவிலாகக் கேட்டால் வேலை முடிந்தது.

இதுவரை ஆறு தனி பதிந்தாகிவிட்டது. மல்லாரியும் புறப்பாட்டு உருப்படிகளும் பாக்கி. மார்கழி முடிந்து தை பிறந்தால் பெரியப்பாவுக்குக் கல்யாண சீசன், பிடிக்க முடியாது. அதற்குள் முடிக்க வேண்டும்.