பச்சை விளக்கும் ஒரு அன்ரூல்டு நோட்டும்

கொஞ்ச நாளா ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி, அதான் இந்தப் பக்கம் தலைகாட்ட முடியல. இன்னிக்கும் ஆணி பத்தின பதிவுதான். கம்ப்யூட்டர் சமாச்சாரம்னு உடனே ஓடிடாதீங்க. இது ஒரு மனுஷனைப் பத்தின பதிவும்கூட.

ஊருக்குப் போனப்போ பெரியப்பா, "அங்க என்னப்பா வேலை உனக்கு?"ன்னு கேட்டார். "நிறைய கம்ப்யூட்டர் இருக்கு பெரியப்பா. அதுல ஓடற புரோகிராம் எல்லாம் ஒழுங்கா ஓடுதான்னு பாத்துக்கணும்"னேன். "ஓ, வாட்ச்மேன் மாதிரி"ன்னார். நாலு வருஷம் இஞ்சினியரிங் படிச்சவனுக்கு சுருக்குனு இருந்துச்சு. ஆனா யோசிச்சுப் பாத்தா அவர் சொன்னதுல தப்பே இல்ல :-)

ஓடிக்கிட்டு இருக்கிற புரோகிராமுக்குப் பேர் பிராசஸ். ஒரே ஒரு மெஷின்னா பிரச்சினையே இல்ல. 'டாப்'னு அடிச்சா போதும், எது எவ்வளவு மெமரி தின்னுது, எது சும்மா தூங்குதுன்னு வரிசையா காட்டிடும். 1984-ல வில்லியம் லெஃபெவர்ங்கறவர் எழுதின சமாச்சாரம், இன்னிக்கும் அதைத்தான் முதல்ல தட்டுறோம். ஆனா எங்ககிட்ட இருந்தது 64 மெஷின். ஒவ்வொண்ணுலயும் நாலு பிராசஸ். 256-ஐயும் கண்ணால பாத்துட்டு உக்காந்திருக்க முடியுமா?

அதனால நான் ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை ஒவ்வொரு மெஷினுக்குள்ளயும் போய், அந்தப் பேர்ல பிராசஸ் இருக்கான்னு தேடும். இருந்தா பச்சை, இல்லேன்னா சிவப்பு. பெரிய டிவில 64 கட்டமும் பச்சையா மின்னும்போது, சத்தியமா சொல்றேன், காலரைத் தூக்கி விட்டுக்கிட்டேன்.

இது 2022-ல, நான் வேலைக்குச் சேர்ந்த மூணாவது வருஷம். எங்க வேலை மெசேஜ் அனுப்பறது. கடைக்காரங்க, ஸ்கூல், ஆஸ்பத்திரின்னு பல பேர் எங்ககிட்ட மெசேஜைக் குடுப்பாங்க, நாங்க அதை போன் கம்பெனிக்குத் தள்ளிவிடுவோம். எந்த கஸ்டமருக்கு எந்த மெஷின்னு தனித்தனியா ஒதுக்கி வச்சிருந்தோம்.

ராத்திரி ஷிப்ட்ல ஒரு அண்ணன் இருந்தார். கான்ட்ராக்ட் ஆளு, நாப்பத்தஞ்சு வயசு இருக்கும். டேஷ்போர்ட் எல்லாம் வர்றதுக்கு முன்னாடியே அங்க இருந்தவர். மணிக்கு ஒரு தடவை மெஷின்ல லாகின் பண்ணி, ஒரு அன்ரூல்டு நோட்டுல கோடு போட்டு ரெண்டு நம்பர் எழுதுவார். ஒரு பத்தி 'வந்தது', இன்னொண்ணு 'போனது'. "அண்ணே, அதான் டிவில தெரியுதே, எதுக்கு இந்த வேலை?"ன்னு நானே கிண்டல் பண்ணிருக்கேன். "இருக்கட்டும் தம்பி, தூக்கம் வராம இருக்கும்"னு சிரிப்பார்.

ஒரு நாள் ராத்திரி ரெண்டு மணி பத்து நிமிஷம். போன். "தம்பி, 41-ஆம் மெஷின்ல பன்னண்டு மணிக்கு எழுதின 'போனது' நம்பர்தான் இப்பவும் இருக்கு. வந்தது மட்டும் ஏறிக்கிட்டே இருக்கு. இன்னும் நாலஞ்சு மெஷின்லயும் இதே கதைதான்."

நான் படுத்துக்கிட்டே லேப்டாப்பைத் திறந்தேன். 64-ம் பச்சை. "பச்சையாத்தானேண்ணே இருக்கு? ஒண்ணும் இல்ல, காலைல பாத்துக்கலாம்"னு சொல்லிட்டு, போனை சைலண்ட்ல போட்டுட்டுத் தூங்கிட்டேன்.

காலைல ஏழரைக்கு எழுந்தப்போ 11 மிஸ்டு கால்.

நடந்தது இதுதான். ராத்திரி பதினொன்றரைக்கு ஒரு ஃபயர்வாலை ரீஸ்டார்ட் பண்ணியிருக்காங்க. அது மறுபடி எழுந்தப்போ, அது வழியா ஏற்கெனவே போயிட்டிருந்த இணைப்புகள் எல்லாம் அதுக்கு மறந்து போச்சு. எங்க பிராசஸ் மெசேஜை அந்தப் பக்கம் குடுத்துட்டு, 'வாங்கிக்கிட்டேன்'ங்கற பதிலுக்காகக் காத்துட்டு இருந்துச்சு. அந்தப் பதில் ஃபயர்வால்லயே நின்னு போச்சு. 'இத்தனை செகண்டுதான் காத்திருப்பேன்'னு நாங்க புரோகிராம்ல எழுதல. எழுதலேன்னா அது எவ்வளவு நேரம் காத்திருக்கும்? எப்பவுமே. எதிர்ப்பக்கம் உயிரோட இருக்கான்னு தட்டிப் பாக்கற கீப்அலைவ்னு ஒண்ணு லினக்ஸ்ல உண்டு. ஆனா அதை நாமதான் ஆன் பண்ணணும். ஆன் பண்ணினாலும், அமைப்பை மாத்தாம விட்டா 7,200 செகண்ட், அதாவது ரெண்டு மணி நேரம் கழிச்சுதான் முதல் தடவை தட்டும். நாங்க ஆன் பண்ணவே இல்ல.

ஆக 19 மெஷின்ல பிராசஸ் எல்லாம் உயிரோட இருக்கு. பேர் இருக்கு, நம்பர் இருக்கு, மெமரி இருக்கு. வேலை மட்டும் நடக்கல. என் ஸ்கிரிப்ட் கேட்டது 'இருக்கியா?'ன்னு மட்டும்தானே? அதுவும் 'இருக்கேன்'னு உண்மையைத்தான் சொல்லிச்சு.

அவசரமா நிறுத்தப் பாத்தேன். சாதாரண கில் அனுப்பினா, 'கையில இருக்கிற வேலையை முடிச்சுட்டுப் போறேன்'ங்கற மாதிரி நாங்களே எழுதி வச்சிருந்தோம். அந்த வேலை முடிஞ்சாத்தானே! வேற வழியில்லாம கில் -9. அதை எந்த பிராசஸும் தடுக்க முடியாது, மூட்டை கட்ட அவகாசமும் கிடையாது. கையில இருந்த மெசேஜ் போச்சா இல்லையான்னு எழுதி வைக்காமலே செத்துப் போச்சு. அதனால சில பேருக்கு ஒரே மெசேஜ் ரெண்டு தடவை போச்சு.

இதுல இன்னொரு கூத்து. 19-ல ஒரு மெஷின்ல பிராசஸே இல்ல, எப்பவோ செத்திருக்கு. அப்புறம் எப்படி பச்சை? பிராசஸ் பட்டியல்ல அந்தப் பேரைத் தேடறதுக்கு 'கிரெப்'னு ஒரு கமாண்ட் போடுவோம். அந்த கிரெப்பே ஒரு பிராசஸ்தான், அது எதைத் தேடுதோ அந்தப் பேரும் அதோட வரியிலேயே இருக்கும். தேடப் போனவன் தன்னையே பாத்துட்டு 'ஒருத்தன் இருக்கான் சார்'னு ரிப்போர்ட் குடுத்திருக்கான். இந்தத் தொழில்ல ரொம்பப் பழைய ஓட்டை. படிச்சிருக்கேன், தெரியும். தெரிஞ்சும் விழுந்தேன்.

இதெல்லாம் சிரிச்சுட்டுப் போற விஷயம்தான், ஒண்ணைத் தவிர. எங்க கஸ்டமர்ல ஒரு டயாலிசிஸ் சென்டர் உண்டு. தண்ணி சுத்திகரிக்கிற மிஷின் ரிப்பேர், காலைல வராதீங்க, சாயங்காலம் வாங்கன்னு ராத்திரி பதினொண்ணேமுக்காலுக்கு மெசேஜ் குடுத்திருக்காங்க. அது போகல. முதல் பஸ்ஸைப் பிடிச்சு வந்த ஒரு பெரியவர், சாயங்காலம் வரைக்கும் வாசல்ல பெஞ்சுலயே படுத்திருந்தாராம். அங்கேருந்து போன் பண்ணினவங்க திட்டல. இதை மட்டும் சொல்லிட்டு வச்சுட்டாங்க.

மதியம் மீட்டிங். ராத்திரி டியூட்டியில இருந்தவர் ஏன் மேல சொல்லலன்னு மேனேஜர் கேட்டார். அண்ணன் என்னைப் பாத்தார். நான் டேபிளைப் பாத்தேன். டிக்கெட் எதுவும் இல்ல, போன்ல பேசினது எங்க ரெண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும். அவர், "கவனிக்காம விட்டுட்டேன் சார்"னார். அப்பவும் நான் வாயைத் திறக்கல.

ராத்திரி பூரா தூக்கம் இல்ல. மறுநாள் காலைல உக்காந்து மெயில் எழுதினேன். அவர் ரெண்டு பத்துக்கே கூப்பிட்டார், தூங்கச் சொன்னது நான்தான், தப்பா எழுதின ஸ்கிரிப்டும் என்னோடதுதான்னு. அதுக்குள்ள அவருக்கு வார்னிங் லெட்டர் போயிருந்தது. அதைத் திரும்ப வாங்கினாங்களான்னு கேட்டா, இல்ல. "விடு தம்பி, நீ சின்னப் பையன்"னார் அண்ணன். திட்டியிருந்தா தேவலை.

அப்புறம் எல்லாத்தையும் மாத்தி எழுதினேன். காத்திருக்கிறதுக்கு நேரக் கணக்கு வச்சேன். ஒவ்வொரு மெசேஜும் போய் முடிஞ்சதும் பிராசஸ் ஒரு ஃபைல்ல நேரத்தைக் குறிக்கணும்னு வச்சேன். இதுல ஒரு சூட்சுமம் இருக்கு, பொட்டி தட்டறவங்க கவனிங்க. 'உயிரோட இருக்கேன்'னு சொல்றதுக்குன்னு தனியா ஒரு திரெட் வைக்காதீங்க. உள்ள வேலை செய்யற திரெட் மூச்சில்லாமக் கிடக்கும், இது பாட்டுக்கு வாசல்ல நின்னு 'எல்லாம் சௌக்கியம்'னு சொல்லிட்டு இருக்கும். வேலை செய்யற கையே குறிக்கணும்.

அதுவும் பத்தாது. ராத்திரி மூணு மணிக்கு மெசேஜே வரலேன்னா குறிப்பும் வராது. அது கோளாறா, சும்மா இருக்கிறதா? அதுக்கு என்ன வழின்னு ரெண்டு நாள் மண்டையை உடைச்சுக்கிட்டேன். வழி அந்த நோட்டுலயே இருந்துச்சு. வந்தது ஏறி, போனது ஏறலேன்னா கோளாறு. ரெண்டுமே ஏறலேன்னா சும்மா இருக்கு. அவ்வளவுதான் விஷயம். இஞ்சினியரிங் எதுவும் தேவைப்படல.

இப்ப எங்க டேஷ்போர்ட்ல பச்சைக்குப் பக்கத்துல ரெண்டு பத்தி இருக்கு. தலைப்பு 'வந்தது', 'போனது'. புதுசா சேர்ற பசங்க, ஏன் இது மட்டும் தமிழ்ல இருக்குன்னு கேப்பாங்க. இந்தக் கதையைச் சொல்லுவேன், மீட்டிங்ல நான் டேபிளைப் பாத்ததையும் சேத்து.

அண்ணன் அடுத்த வருஷமே கான்ட்ராக்ட் முடிஞ்சு ஊருக்குப் போயிட்டார். அப்பப்ப போன்ல பேசுவேன். போன வாரம் எப்படி இருக்கீங்கன்னு கேட்டேன். "இருக்கேன் தம்பி"ன்னார். வழக்கமா அதோட வச்சுடுவேன். இந்தத் தடவை வைக்கல. வேலை கிடைச்சுதா, பொண்ணு காலேஜ் ஃபீஸ் கட்டியாச்சான்னு ஒவ்வொண்ணா கேட்டேன். கட்டலையாம்.

பி.கு.: இதைப் படிச்சுட்டு யாராவது உங்க ஸ்கிரிப்டைத் திறந்து பாத்து, கிரெப் தன்னையே எண்ணிக்கிட்டு இருக்கிறதைக் கண்டுபிடிச்சா, வெளிய சொல்ல வேண்டாம், சத்தமில்லாம மாத்திடுங்க. ஆனா ராத்திரி ஷிப்ட்ல இருக்கிறவர் கூப்பிட்டா மட்டும் எழுந்து உக்காருங்க.