அழித்த பெயர், அழிக்காத பெயர்

2023 மார்ச் 31 அன்று நான் முடித்த கணக்கு பொய்க் கணக்கு. யாரும் என்னை மிரட்டி எழுதவைக்கவில்லை. நானே எழுதினேன்.

நீட் பயிற்சி நடத்தும் ஒரு தனியார் கம்பெனியில் அப்போது தலைமைக் கணக்காளராக இருந்தேன். இந்த வேலையில் இருபது வருடத்துக்கு மேல் பழக்கம். முன்கூட்டிப் பெற்ற வருமானத்தை இருப்புநிலைக் குறிப்பில் பொறுப்புப் பக்கம் காட்ட வேண்டும் என்பது பிளஸ் ஒன்னில் கணக்குப்பதிவியல் படித்த பிள்ளைக்கே தெரியும். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை.

எங்களிடம் இரண்டு வருட வகுப்பு ஒன்று இருந்தது. கட்டணம் 1,20,000 ரூபாய். 18 சதவீத ஜிஎஸ்டி 21,600 ரூபாய் தனி. ஜூனில் சேரும்போதே மொத்தத்தையும் கட்டிவிட வேண்டும். பேங்கில் ஏறிவிட்டதாலேயே அந்தப் பணம் வருமானம் ஆகிவிடாது. 24 மாதம் பாடம் நடத்த வேண்டும். மாதம் 5,000 வீதம்தான் அது கம்பெனிக்குச் சொந்தமாகும். மார்ச் 31 வரை நடத்தியது 10 மாதம். எனவே வருமானம் 50,000. மிச்சம் 70,000, அந்தப் பிள்ளைக்குக் கம்பெனி பட்ட கடன். அதிலும் அடுத்த 12 மாதத்துக்கான 60,000 நடப்புப் பொறுப்பு. அதற்கு அப்பால் உள்ள 10,000 நீண்டகாலப் பொறுப்பு. நானோ 1,20,000 ரூபாயையும் கட்டண வருமானத்தில் வரவு வைத்தேன். மொத்தம் 80 பிள்ளைகள். 56 லட்சம் ரூபாய்க் கடன் லாபமாகிவிட்டது.

'கட்டணம் திருப்பித் தரப்படாது என்று ரசீதிலேயே அச்சடித்திருக்கிறோமே' என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பணத்தைத் திருப்பித் தர வேண்டாம், சரி. பாடம் நடத்த வேண்டாமா? அந்தக் கடமை தீரும்வரை அது பொறுப்புதான். 1985-இல் வந்த ஏஎஸ் 9 கணக்குத் தரம், பயிற்சிக் கட்டணத்தைப் பெயர் சொல்லியே, பாடம் நடக்கும் காலம் முழுவதற்கும் பரப்பித்தான் வருமானமாக எடுக்க வேண்டும் என்கிறது. அந்தப் பக்கத்தை நான் படித்திருக்கிறேன்.

அடுத்தது, வரவேண்டிய பாக்கி. 2020-21-இல் ஒரு பள்ளிக்கு ஆன்லைன் வகுப்பு எடுத்துக் கொடுத்த வகையில் 12 லட்சம் நின்றது. பாதி வகுப்பு நடக்கவே இல்லை, பணம் தர முடியாது என்று அவர்கள் எழுதிய கடிதம் என் ஃபைலில் இருந்தது. நியாயமாக அதை வாராக்கடன் என்று தள்ளியிருக்க வேண்டும்; குறைந்தபட்சம் ஐயக்கடனுக்கு ஒதுக்கு வைத்திருக்க வேண்டும். 2021 ஏப்ரல் முதல், பாக்கி எத்தனை நாள் பழையது என்று கம்பெனிகள் குறிப்பில் பிரித்துக் காட்டியாக வேண்டும்: ஆறு மாதத்துக்குள், ஒரு வருடத்துக்குள், இரண்டு, மூன்று, அதற்கும் மேல். அந்த 12 லட்சம் போக வேண்டிய கட்டம் எதுவென்று தெரிந்ததால், பழைய பில்லை ரத்து செய்து புதுத் தேதியில் போட்டேன். மூன்று மாதத்தைத் தாண்டிய பாக்கியை வங்கி லோனுக்குக் கணக்கில் எடுக்காது என்பதும் எனக்குத் தெரியும்.

சத்யம் கம்ப்யூட்டர்ஸ் தலைவர் ராமலிங்க ராஜு 2009 ஜனவரி 7 அன்று எழுதிய கடிதத்தை என் கீழே வேலை பார்த்த பிள்ளைகளுக்குப் பலமுறை வாசித்துக் காட்டியிருக்கிறேன். இல்லாத ரொக்கத்தைப் பற்றித்தான் எல்லாரும் பேசுவார்கள். கடனாளிகள் கணக்கை 490 கோடி கூட்டிக் காட்டியதையும் அவர் அதில் ஒப்புக்கொண்டதைக் கோடு போட்டுக் காட்டுவேன். அதைக் காட்டிய நான்தான் இதைச் செய்தேன்.

"லாபம் நல்லா வந்தா ரெண்டாவது கிளைக்கு லோன் கிடைச்சிடும் சார்" என்று நிர்வாக இயக்குநர் ஒருநாள் சொன்னார். அவர் சொன்னது அவ்வளவுதான். கெட்டிக்காரன் என்று பெயர் வாங்கும் ஆசையில் மிச்சத்தை நானே செய்தேன். ஆடிட்டர் கட்டண ரசீதுகளைச் சரிபார்க்கக் கேட்டபோது ஒரு வருட வகுப்பின் ஃபைல்களைத்தான் எடுத்துக் கொடுத்தேன். இரண்டு வருட ரசீதுப் புத்தகங்கள் என் மேஜையின் கீழ் டிராயரில் இருந்தன. அதைப் பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

செப்டம்பர் முதல் வாரத்தில் ஒரு அம்மா வந்தார். கணவர் இறந்து ஒரு மாதம். மகளை அழைத்துக்கொண்டு சொந்த ஊருக்கே போகிறார். ரேஷன் கார்டு வைத்திருந்த பிளாஸ்டிக் கவரிலிருந்து ரசீதை எடுத்து நீட்டினார்.

"மீதி மாசத்துக்கு ஏதாவது பார்த்துக் குடுங்க சார்."

ரசீதில் என் கையெழுத்து. டாலியில் அந்தப் பெண்ணின் பெயரைத் தட்டினேன். நிலுவை பூஜ்யம். ஒன்பது மாதப் பாடம், 45,000 ரூபாய், அவர்களுக்குச் சேர வேண்டும். என் புத்தகத்தில் அந்தக் கடன் இல்லை.

"உங்க கணக்குல பாக்கி எதுவும் இல்லம்மா" என்றேன்.

அவர் மறுபேச்சுப் பேசவில்லை. ரசீதைப் பழைய மடிப்பிலேயே மடித்துக் கவருக்குள் வைத்துக்கொண்டு போனார்.

பணம் தரப்போவதில்லை என்று எழுதிக் கொடுத்த பள்ளியின் பெயரைச் சொத்துப் பக்கத்தில் உயிரோடு வைத்திருந்தேன். பணத்தைக் கட்டிவிட்டு நம்பி உட்கார்ந்திருந்த 80 பிள்ளைகளின் பெயரைப் பொறுப்புப் பக்கத்திலிருந்து அழித்திருந்தேன். அன்று இரவு தூங்க முடியவில்லை.

பத்து நாள் கழித்து ஆடிட்டர் முன்னால் டிராயரைத் திறந்தேன். முந்தைய ஆண்டுக் கணக்கு திருத்தப்பட்டது. லாபம் போய் நஷ்டம் வந்தது; இரண்டாவது கிளையும் நின்றது. அந்த அம்மாவுக்கு மீதியைத் தர நிர்வாகம் சம்மதித்தது. விண்ணப்பத்தில் இருந்த எண்ணுக்குப் போன் செய்தேன், உபயோகத்தில் இல்லை. அனுப்பிய தபாலும் திரும்பி வந்தது.

நான் வேலையை விட்ட நாள்வரை அந்த 45,000 ரூபாய் மகளின் பெயரில் பொறுப்புப் பக்கத்தில் நின்றது. அது கம்பெனியின் கடன். 'பாக்கி எதுவும் இல்லம்மா' என்று சொன்னது என் கடன். அதை நான் இன்னும் தீர்க்கவில்லை.