பிரேக்கை மிதித்தவள் நான்தான்!

"வண்டி ரிப்பேர் நடக்கிற இடத்தில் பொம்பளைக்கு என்ன வேலை?" என்று என் மாமியார் கேட்டார். வாசக சகோதரிகளும் அப்படித்தான் நினைப்பீர்கள். 2023 ஐப்பசி வரைக்கும் எனக்கும் அதே நினைப்புத்தான்.

எங்கள் ஊர் நாமக்கல் மாவட்டத்தில் சேந்தமங்கலம் பக்கம். என் வீட்டுக்காரர் கொல்லிமலையிலிருந்து வாழைத்தார், அன்னாசி, பலாப்பழம் எல்லாம் ஏற்றி வந்து கீழே கடைகளுக்குப் போடுகிறார். இதற்கென்று 2009-ல் பழையதாக வாங்கியதுதான் எங்கள் பிக்கப் வண்டி. முன்னால் ஜீப் மாதிரி மூஞ்சி, பின்னால் சாமான் ஏற்ற தொட்டி. நாலு சக்கரத்துக்கும் டிரம் பிரேக். அது சோறு போட்ட வண்டி, குறை சொல்ல மனசு வராது.

அந்த ஐப்பசியில் அறப்பளீஸ்வரர் கோயிலுக்கு வேண்டுதல் இருந்ததால் நானும் கூடப் போயிருந்தேன். திரும்பும்போது தொட்டி நிறைய வாழைத்தார். சோளக்காட்டிலிருந்து காரவள்ளி வரைக்கும் 70 கொண்டை ஊசி வளைவு. பாதி மலை இறங்கியிருப்போம், தோசைக்கல்லில் எண்ணெய் கருகினது போல ஒரு வாடை. இவர் காலை அழுத்துகிறார், பெடல் பஞ்சு மாதிரி அடிவரைக்கும் போகிறது! வாயைத் திறக்கவில்லை மனுஷன். கியரைக் குறைத்து, கை பிரேக்கை இழுத்து, மலைச் சுவரோரமாக ஒதுக்கி, மண்மேட்டில் முட்டவிட்டு நிறுத்தினார். அந்தப் பக்கம் பள்ளத்தைப் பார்த்ததும் எனக்குக் கையும் காலும் ஓடவில்லை. ஒரு மணி நேரம் கழித்து மிதித்துப் பார்த்தால், ஒன்றுமே நடக்காதது போல பிரேக் பிடிக்கிறது.

"இது ஒண்ணும் புதுசில்ல. ஆறவிட்டா சரியாயிடும்" என்றார். அதாவது, இதற்கு முன்பும் நடந்திருக்கிறது. வீட்டில் சொல்லவில்லை, அவ்வளவுதான். அன்று ராத்திரி நான் சாப்பிடவில்லை.

என் பெரியப்பா மகன், லாரி பட்டறையில் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்ந்தவர். அண்ணனைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். அவர் விளக்கியதை எனக்குப் புரிந்த விதத்தில் சொல்கிறேன். டிரம் பிரேக் என்பது மூடி போட்ட குண்டான் போல. உள்ளே லைனிங் உரசி உரசி வருகிற சூடு லேசில் வெளியே போகாது. சூட்டில் டிரம் விரிந்து லைனிங்கை விட்டு விலகும். டிஸ்க் பிரேக் தோசைக்கல் மாதிரி, காற்றில் திறந்து கிடப்பதால் சீக்கிரம் ஆறிவிடும். பிரேக் ஆயில் சமாசாரம் வேறு. மழைக்காலத்து உப்பு போல அது காற்றின் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்குமாம். டாட்-3 என்கிற ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறினால் 140-லேயே கொதித்து ஆவியாகலாம். ஆவியை அமுக்கினால் அமுங்கும், அதனால்தான் பெடல் பஞ்சாகிறது. எங்கள் வண்டிக்குக் கடைசியாக எப்போது ஆயில் மாற்றியது என்று கேட்டால் இவருக்கு ஞாபகமே இல்லை!

"முன்னாடி ரெண்டு சக்கரத்துக்கும் டிஸ்க் போட்டுரலாம் மாப்பிள்ளை. ஆனா பிரேக்கை மட்டும் மாத்திப் பிரயோசனம் இல்லைங்க. முன் கட்டே ஆடுது. நிக்கிற வண்டி நேரா நிக்க வேண்டாமா?" என்றார் அண்ணன். பம்பரை அமுக்கி விட்டால் வண்டி ஒரு தடவை எழுந்து அடங்க வேண்டும். எங்களுடையது ஊஞ்சலாடியது. ஷாக் அப்சார்பர் போய்விட்டது என்று அர்த்தம்.

பணத்துக்கு எங்கே போவது? மகளுக்குக் கம்மல் வாங்க நான் சீட்டுப் போட்டு எடுத்த 45,000 ரூபாய் பீரோவில் இருந்தது. எடுத்து மேஜைமேல் வைத்தேன். "ஏனுங்க, இதுல செய்யுங்க. இல்லாட்டி அந்த வண்டில மலை ஏற வேண்டாம்" என்றேன். கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவரிடம் நான் அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை.

ஆர்.டி.ஓ. ஆபீஸில் கேட்டுக்கொண்டு, பொங்கல் லீவில் எங்கள் வீட்டுப் பின்கட்டிலேயே வேலையை ஆரம்பித்தோம். பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் படிக்கிற என் மகன்தான் கையாள். காபி போட்டுக் கொடுப்பது மட்டும் என் வேலை என்றிருந்தேன். முதல் நாளே அது மாறிவிட்டது.

காபியோடு போகிறேன், பையன் வண்டிக்கடியில் படுத்திருக்கிறான். வண்டியைத் தாங்குவது ஒரே ஒரு ஜாக்கி. முதல் நாள் நான் வாசல் தெளித்த ஈர மண்ணில் ஜாக்கியின் பாதம் மெல்லப் புதைகிறது! "வெளியே வாடா!" என்று கத்தின கத்தலில் தம்ளர் எங்கே விழுந்தது என்று தெரியாது. அவன் உருண்டு வந்து எழுவதற்குள் வண்டி ஒரு பக்கமாக இறங்கி உட்கார்ந்தது. அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டார். அதற்கப்புறம் அடியில் கடப்பாக் கல் போட்டு, இரும்பு ஸ்டாண்டு இரண்டை முட்டுக் கொடுத்து, கழற்றின சக்கரத்தையும் சேசிஸுக்கு அடியில் தள்ளி, பின்சக்கரங்களுக்குக் கல் வைத்து, நான் வந்து பார்த்துத் தலையாட்டினால்தான் யாரும் அடியில் போகலாம் என்று சட்டம் போட்டேன். வீட்டில் யாராவது கார், ஜீப் என்று கழற்றுகிறவர்கள் இருந்தால் இதை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

இன்னொன்று அந்தத் தூசி. டிரம்மைக் கழற்றியதும் உள்ளே கறுப்பு மாவு போல இருந்தது. பையன் சைக்கிள் பம்பால் ஊதப் போனான். பழைய லைனிங்கில் கல்நார் இருக்கும், கூரைக்கு ஷீட் போடுகிறோமே அதே ஆஸ்பெஸ்டாஸ். மூச்சில் போனால் நுரையீரலைக் கெடுக்கும், பல வருஷம் கழித்துப் புற்றுநோய் கூட வரலாம். கல்நார்த் தொழிலாளிகளின் துணியைத் துவைத்த மனைவிமாருக்கே நோய் வந்திருக்கிறது. ஆகவே ஈரத் துணியால் துடைத்து, துணியைக் கவரில் கட்டி எறிந்தோம். அந்த உடுப்புகளை உதறாமல் நனைத்துத் தனியாக அலசினேன்.

முன் ஸ்பிரிங் பட்டைகளைப் பிரித்தபோது வலது பக்கத்தில் ஒரு பட்டை விரிசல் விட்டிருந்தது. இதை நம்பியா இத்தனை நாள் இறங்கினார்! நாமக்கல் பட்டறைக்குக் கொடுத்து, புதுப் பட்டை சேர்த்து, வளைவு ஏற்றி வாங்கி வந்தார்கள். புஷ், பின், யு-போல்ட், ஷாக் அப்சார்பர் எல்லாம் புதிது. பழைய யு-போல்ட்டைத் திருப்பிப் போடவே கூடாது என்பது அண்ணனின் கண்டிப்பு. டிஸ்கும் காலிப்பரும் ஒழுங்காக உட்கார்ந்தன. சக்கரத்தை மாட்டினால் ரிம்மில் உரசுகிறது! அளவெடுக்காமல் தைத்த ரவிக்கை கதைதான். வேறு ரிம் தேடி இரண்டு நாள் போச்சு. டிஸ்குக்குத் தகுந்த மாஸ்டர் சிலிண்டரும், மிதிப்பதை லேசாக்கும் பூஸ்டரும் போட்டார்கள். டீசல் வண்டி ஆனதால் பூஸ்டருக்கென்று ஆல்டர்னேட்டரோடு சேர்ந்த வாக்குவம் பம்ப் வேண்டுமாம். அதில் கொஞ்சம் செலவு இழுத்தது.

கடைசி வேலை, பைப்பில் உள்ள காற்றை எடுப்பது. அதற்கு ஒருவர் பெடலை மிதிக்க வேண்டும். இவர் கடைக்குப் போயிருந்தார். "நீ ஏறி உக்காரு அம்மிணி" என்றார் அண்ணன். சேலையைச் செருகிக்கொண்டு டிரைவர் சீட்டில் உட்கார்ந்தேன்.

"மிதி... மிதி... மிதி... பிடிச்சுக்க!" பிடித்தேன். அவர் நிப்பிளைத் திறந்ததும் பெடல் என் காலோடு கீழே இறங்குகிறது. "மூடியாச்சு, விடு." மூடுவதற்குள் காலை எடுத்தால் காற்று திரும்ப உள்ளே போய்விடும். தூரத்தில் உள்ள பின் இடது சக்கரத்தில் தொடங்கி, பின் வலது, முன் இடது, கடைசியில் முன் வலது. மகள் முன்னால் நின்று ஆயில் டப்பா காலியாகாமல் ஊற்றிக்கொண்டே இருந்தாள். கண்ணாடி டியூப்பில் குமிழ் வருவது நின்றது. என் காலுக்கடியில் பஞ்சு மாதிரி இருந்த பெடல் கல்லாக நின்றது. அந்த நிமிஷம் எனக்கு என்னவோ கண் கலங்கிவிட்டது.

(எடுத்த பழைய ஆயிலைப் பையன் என் எவர்சில்வர் டம்ளரில் பிடித்திருந்தான். டம்ளரை அன்றே எறிந்தேன். அது விஷம், குடித்தால் சிறுநீரகம் பாதிக்கும். ஜூஸ் பாட்டிலில் ஊற்றி வைக்கிற பழக்கம் வேண்டவே வேண்டாம். பெயிண்டில் பட்டாலும் உரித்துவிடும்.)

முதலில் காலி வண்டியாக ஊருக்குள் மெதுவாக ஓட்டினார். பட்டறையில் வீல் அலைன்மென்ட் பார்த்து, எஃப்.சி.யும் காட்டி வந்தார்கள். 500 கிலோமீட்டர் ஓடினதும் யு-போல்ட்டை மறுபடி முடுக்கினார் அண்ணன். வருஷத்துக்கு ஒரு தடவை ஆயில் மாற்ற வேண்டும் என்று தினசரிக் காலண்டரில் நானே எழுதி வைத்திருக்கிறேன்.

இப்போதும் மலை இறங்கும்போது ஏறின கியரில்தான் இறங்குகிறார். டிஸ்க் இருக்கிறதென்று வேகம் போவதில்லை. காரவள்ளி வந்ததும் டீக்கடையிலிருந்து ஒரு போன் வரும். "இறங்கிட்டேன் புள்ள." அவ்வளவுதான், வைத்துவிடுவார்.

மகளின் கம்மலுக்குப் புதுச் சீட்டு சேர்ந்திருக்கிறேன். "அம்மா, அதையாவது வண்டில போட்டுராத" என்கிறாள்.