இரண்டு விரல் துணி

குளிருக்குக் கோட்டு வாங்கவென்று ஒரு திங்கட்கிழமை நாங்கள் மூவரும் கடைக்குப் போனோம். திங்கள்தான் எங்கள் ரெஸ்ரோரண்டுக்கு விடுமுறை. 40 ஆம் இலக்கக் கோட்டின் கைகள் விரல்நுனியையும் தாண்டித் தொங்கின. விற்பனைப் பெண் எங்களை மேலும் கீழும் பார்த்துவிட்டு 20 ஐக் கொண்டுவந்து தந்தாள்.

ஜேர்மன் கணக்கு அப்படி. நெஞ்சளவின் பாதியில் ஆறைக் கழிக்கவேண்டும். 92 சென்ரிமீற்றர் என்றால் 40. அதே சுற்றளவில் கட்டையான பெண்ணென்றால் அதிலும் பாதி, 20. நெட்டை என்றால் இரட்டிப்பு, 80. பிரான்சில் இதே 40 தான் 42. ரயிலில் இருந்தபடியே இரண்டு இலக்கம் பருத்துவிடலாம். கம்பஸில் பாதியில் விட்டுவந்த கணிதம் இதற்குத்தான் உதவியது.

"கறுப்பு எடுங்கள், மெல்லியதாகக் காட்டும். இடுப்பில் பட்டி வேண்டாம்" என்று அந்தப் பெண் அன்பாகத்தான் சொன்னாள். எங்களுக்குச் சிரிப்பு வந்தது. பிறகு வரவில்லை. எங்களில் இருவர் உண்மையிலேயே மெலிந்திருந்தது 2009 இல், செட்டிகுளம் முகாமில். எந்தச் சட்டையும் தோளில் நிற்காமல், சேப்ரிபின் குத்திக்கொண்டு தண்ணீருக்கு வரிசையில் நின்றோம். ஊரில் "கொஞ்சம் உடம்பு வைச்சிட்டாய்" என்பது சந்தோசமான விசாரிப்பு. "கரைஞ்சு போனாய் பிள்ளை" என்றால்தான் கண் கலங்கும். இங்கே எங்கள் ஆட்களின் கலியாண மண்டபங்களில் முதலாவது விசாரிப்பும் குத்தலாகிவிட்டது. பொய் சொல்வானேன், நாங்களும் கறுப்பையே எடுத்தோம்.

பிறகு கோடையில் ஒரு கலியாணம். எங்களில் ஒருத்தியின் அம்மா ஊரிலிருந்து சாறிச் சட்டை தைத்து அனுப்பினா. அளவு கேட்டபோது இவள் பழைய அளவையே சொல்லியிருந்தாள். கைபேசியில் முகத்தை மட்டும் காட்டிப் பேசுவது எங்கள் எல்லோருக்கும் கைவந்த வித்தை.

சட்டைக் கை முழங்கையோடு நின்றுவிட்டது. பத்து வருடமாகச் சூப்புப் பானை தூக்கிய கை அது. ஜேர்மன் கணக்கிலும் அதற்கு இடமில்லை.

சட்டையை உட்புறம் திருப்பினோம். பக்கத் தையலிலும் கையிலும் இரண்டு விரல் அகலத்துக்குத் துணி மடித்து விட்டிருந்தது. கடைச் சட்டையில் இப்படி இருக்காது, தையலோடு ஒட்ட வெட்டிவிடுவார்கள். ஊரில் எந்தத் தையற்காரியும் கொஞ்சம் விடுவாதான். இவ்வளவு விடமாட்டா.

அன்றிரவு வேலை முடிந்து வந்து, பன்னிரண்டரை மணிக்கு, கத்தரிக்கோல் நுனியால் ஒவ்வொரு தையலாகப் பிரித்தோம். ஒருத்தி வெளிச்சம் பிடித்தாள். விடிவதற்குள் கை ஏறிவிட்டது. நெஞ்சில் மட்டும் இன்னும் ஒரு விரல் போதவில்லை.

காலையில் அம்மா எடுத்தா.

"அளவு சரியே பிள்ளை?"

"அச்சாப் பொருத்தம் அம்மா."

கொஞ்ச நேரம் அம்மா ஒன்றும் பேசவில்லை.

"அந்தத் துணியிலை ஒரு முழம் மிச்சம் கிடக்கு. ஆரும் வந்தால் குடுத்துவிடுறன்."