அப்பாவின் க்ளிக்குகள்

கூகுள் ஆட்சென்ஸ் 2003-ல் வந்தாலும் தமிழ்ப் பக்கங்களை ஏத்துக்கிட்டது 2018-ல்தான். நான் சேர்ந்தது வேறொரு விளம்பரத் திட்டம், பேர் வேண்டாம். எட்டு மாசத்தில் 87 டாலர். 100 ஆனால்தான் கைக்கு வரும். போன வாரம் மெயில் வந்தது: செல்லாத க்ளிக்குகள், கணக்கு ரத்து.

கோபமாத்தான் இருந்தேன், காரியாபட்டிக்குப் போன் பண்ற வரைக்கும்.

"தெனமும் காலையில ஒன் பக்கத்துல வர்ற வெளம்பரம் அம்புட்டையும் அமுக்கி விட்டுர்றேன்டா. காசு சேருதா?"

ஒவ்வொரு க்ளிக்குக்கும் காசு கொடுப்பது விளம்பரம் தந்த எவரோ ஒரு வியாபாரி. அவர்கிட்ட அப்பா எதையும் வாங்கப் போறதில்லை. ஆக, ரத்து பண்ணது நியாயம்தான்.

ஆனா மானாவாரிப் பருத்தியில நட்டப்பட்டே என்னை இன்ஜினியரிங் படிக்க வச்ச மனுசன்கிட்ட இதை எப்படிச் சொல்ல?

"சேருதுப்பா"ன்னு சொல்லிட்டேன். இன்னும் அமுக்கத் தேடிக்கிட்டு இருப்பார். நீங்களாவது வீட்டுல முன்னாடியே சொல்லி வைங்க மக்கா :-(