உறக்கத்தோடு ஒரு போட்டி

ஆடிப் பெருக்கு வந்துவிட்டால் சிவகாசி வட்டாரத்தில் அடுத்த ஆண்டு பிறந்துவிட்டது என்று பொருள். வரப்போகும் ஆண்டுக்கான நாட்காட்டி ஆல்பத்தை அன்றுதான் வெளியிடுவது இங்குள்ளோர் வழக்கம். தமிழகம் முழுவதும் சுவரில் மாட்டிக் கிழிக்கப்போகும் நாள்கள் எங்கள் ஊர்ப் பக்கத்தில் தாளும் மையுமாக அடுக்கப்படத் தொடங்கும். நாரணாபுரத்தில் வாழும் நாங்கள் இருவரும் இத்தொழிலை நம்பிப் பிள்ளைகளை வளர்த்தவர்கள். எங்களில் ஒருவர் அச்சகத்தில் லேபிள் வரைபவர். மற்றவர் இளமையில் தீப்பெட்டி ஒட்டியவர். பெட்டிக்குள் இருக்கும் குச்சி ஏறத்தாழ ஒன்றே. மேலே ஒட்டும் தாளில்தான் புலியும் கிளியும் மயிலும் ஒன்றோடொன்று போட்டியிடும். பார்ப்பவர் கண்ணை ஒரு நொடி நிறுத்தி வைப்பது எப்படி என்பதே எங்கள் ஊர் கற்ற கல்வி.

அதனால்தான் சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் எங்கள் மகன், பங்கின் இளைஞர் இயக்கத்து நண்பர்கள் நால்வரை அழைத்து வந்து, "அப்பா, எங்களுக்கு ஒரு சின்னம் வரைந்து தரவேண்டும்" என்று கேட்டபோது நாங்கள் வியப்படையவில்லை. எதற்கு என்று வினவினோம். கத்தோலிக்கத் தமிழருக்கென்று புதிதாக ஓர் ஓ.டி.டி. தொடங்கப் போவதாகச் சொன்னார்கள். வேண்டிய நேரத்தில் வேண்டிய படத்தை இணையத்தின் வழியே கைப்பேசியில் காட்டும் காணொலிச் சேவைக்கு அவர்கள் தலைமுறை வழங்கும் பெயர் அது. புனிதர் கதைகள், பாடல்கள், குறும்படங்கள், மறையுரைகள் என்று நீண்ட பட்டியல் ஒன்றும் கையில் இருந்தது. "இத்தனை சேவைகள் இருக்க, நீங்கள் யாரோடு போட்டியிடப் போகிறீர்கள்?" என்றோம். "எல்லாரோடும்தான்" என்று சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்பு எங்களுக்குப் பிடித்திருந்தது. ஆயினும், போட்டி என்றால் என்னவென்று அறியாமல் சின்னம் வரைவது முறையாகாது என்பதால், அவர்களோடு அமர்ந்து பழைய கதைகளையும் புதிய செய்திகளையும் புரட்டத் தொடங்கினோம்.

படம் வீடு தேடி வரும் கதை எங்கள் தலைமுறைக்குப் புதிதன்று. எண்பதுகளில் தெருவார் பணம் திரட்டி, தொலைக்காட்சிப் பெட்டியும் டெக்கும் வாடகைக்கு எடுத்து, விடிய விடிய மூன்று படங்கள் பார்த்ததுண்டு. பின்னர்க் கேபிள் வந்தது. 1993 ஏப்ரல் 14 அன்று சன் தொலைக்காட்சி தொடங்கியது. 2006-க்குப் பின் தமிழக அரசு விலையில்லா வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகளை வழங்கியபோது, பெட்டி இல்லாத வீடே தெருவில் அருகிப்போயிற்று. ஆனால் அதுவரை ஒரு வீட்டுக்கு ஒரு பெட்டிதான். எதைப் பார்ப்பது என்று சண்டை மூண்டாலும், அந்தச் சண்டைகூட ஒரே அறையில்தான் நடந்தது.

2016-ஆம் ஆண்டு அந்த அறையைக் கலைத்தது. அவ்வாண்டு சனவரியில் நெட்ஃபிளிக்ஸ் இந்தியாவுக்கு வந்தது. செப்டம்பரில் ஜியோ வந்து இணையத்தை மலிவாக்கியது. திசம்பரில் அமேசான் பிரைம் வீடியோ வந்தது. முந்தைய ஆண்டே ஹாட்ஸ்டார் வந்திருந்தது. 2017-இல் சன் நெக்ஸ்ட், 2018-இல் ஜீ5 என வரிசை நீண்டது. தெலுங்குப் புத்தாண்டான 2020 மார்ச் 25 அன்று தெலுங்கில் தொடங்கிய ஆஹா, 2022 ஏப்ரல் 14 அன்று, நம் சித்திரைத் திருநாளில், தமிழுக்கும் வந்தது. தெலுங்கில் அது அறிமுகமானபோது ஆண்டுக் கட்டணம் 365 ரூபாய். நாளுக்கு ஒரு ரூபாய். நாள்காட்டி அச்சிடும் எங்களுக்கு அந்தக் கணக்கு உடனே விளங்கிற்று. தாளுக்கு ஒரு ரூபாய் கொடுத்தால் அந்தத் தாள் குறிக்கும் மாலைப்பொழுதை அவர்கள் வாங்கிக்கொள்வார்கள்!

போட்டியின் அளவை எண்ணினால் தலை சுற்றுகிறது. ஐ.பி.எல். கிரிக்கெட்டை 2023 முதல் 2027 வரை இந்தியாவில் இணையத்தில் காட்டும் உரிமைக்கு மட்டும் வயாகாம்18 நிறுவனம் 23,758 கோடி ரூபாய் கொடுக்க முன்வந்தது. அவ்வளவு கொடுத்து வாங்கிய ஆட்டத்தை 2023-இல் ஜியோ சினிமாவில் இலவசமாகவே காட்டினார்கள். ஏன் இலவசம்? மக்கள் கண் முதலில் வரட்டும், காசு பிறகு வரட்டும் என்பதே வணிகம். நெட்ஃபிளிக்ஸும் 2021 திசம்பரில், கைப்பேசிக்கான மாதக் கட்டணத்தை 199 ரூபாயிலிருந்து 149 ஆகக் குறைத்தது. ஈற்றில், முட்டி மோதிய இருவர் கைகோத்தனர். ஹாட்ஸ்டாரும் ஜியோ சினிமாவும் இணைந்து 2025 பிப்ரவரி 14 அன்று ஜியோ ஹாட்ஸ்டார் ஆயின.

வீழ்ந்தவர்களும் உண்டு. அமெரிக்காவில் குவிபி என்றொரு சேவை ஏறத்தாழ 175 கோடி டாலர் முதலீட்டோடு 2020 ஏப்ரலில் தொடங்கி, அதே ஆண்டு முடிவதற்குள் மூடப்பட்டது. வேறு வழி தேடியவர்களும் உண்டு. கேரள அரசு 2024 மார்ச் 7 அன்று தொடங்கிய சி ஸ்பேஸ் சேவையில் ஆண்டுச் சந்தா என்ற கட்டு இல்லை. ஒரு படத்துக்கு 75 ரூபாய், அதில் பாதி படத்தைத் தயாரித்தவருக்கு என்று அறிவித்தார்கள். இதைப் படித்தபோது இளைஞர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். பெருமுதலாளி அல்லாதவரும் ஒரு சேவையைத் தொடங்கலாம், தமக்கேற்ற விதியையும் தாமே வகுக்கலாம் என்ற நம்பிக்கை அவர்களுக்குப் பிறந்தது.

ஆனால் எங்கள் நெஞ்சில் தைத்தது வேறொரு செய்தி. நெட்ஃபிளிக்ஸ் நிறுவனத்தின் தலைவராக இருந்த ரீட் ஹேஸ்டிங்ஸ், 2017-ஆம் ஆண்டில் தம் நிறுவனத்தின் போட்டியாளர்களைப் பற்றிப் பேசும்போது, மற்றொரு நிறுவனத்தை அன்று, மனிதரின் உறக்கத்தையே குறிப்பிட்டாராம். அன்று அதைப் படித்துவிட்டு நாங்கள் சிரித்தோம். அந்தச் சிரிப்பு ஐப்பசி வரை நீடிக்கவில்லை.

எங்கள் மகன் ஒரு பட்டாசு ஆலையில் மருந்துக் கலவை செய்பவன். வெடியுப்பு, கந்தகம், அலுமினியப் பொடி ஆகியவற்றைச் சல்லடையில் சலித்துக் கலக்கும் வேலை அது. வெயில் ஏறுமுன் காலையிலேயே முடிக்க வேண்டும். உராய்வு ஆகாது, உலோகக் கருவி ஆகாது, உடலில் தேங்கிய மின்னூட்டத்தை நீக்கத் தகட்டில் கைவைத்த பின்னரே அறைக்குள் நுழைய வேண்டும். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் முப்பதுக்கும் மேற்பட்ட உயிர்கள் கருகிய நாளை இவ்வட்டாரத்தில் யாரும் மறக்கவில்லை. வெடிச் சத்தம் கேட்டால், எந்தத் திசையில் புகை எழுகிறது என்று முதலில் பார்த்துவிட்டுத்தான் இங்குள்ள தாய்மார்கள் மூச்சு விடுவார்கள்.

தீபாவளிக்கு முந்தைய பரபரப்பான வாரங்களில் ஒரு காலை, வேலைக்குப் போனவன் எட்டு மணிக்கே திரும்பி வந்தான். முகம் வெளிறியிருந்தது. நடந்ததை மெல்லச் சொன்னான். சல்லடையைக் கையில் ஏந்தியபடியே ஒரு கணம் கண்ணயர்ந்திருக்கிறான். வாசலில் நின்ற போர்மேன் பார்த்துவிட்டார். கத்தவில்லை. அருகில் வந்து சல்லடையை மெதுவாக வாங்கிக் கீழே வைத்துவிட்டு, "தம்பி, வீட்டுக்குப் போய்த் தூங்கிட்டு வாப்பா. இந்த ரூமுக்குள்ள தூக்கத்தோட வரக் கூடாது" என்று சொல்லி அனுப்பிவிட்டாராம். அந்த மனிதருக்கு நாங்கள் செலுத்த வேண்டிய நன்றி இப்பிறவியில் தீராது.

முந்தைய இரவு அவன் உறங்கியது மூன்று மணிக்கு. பிற சேவைகள் தொடர்களை எப்படி அமைக்கின்றன என்று ஆராயப் போவதாகச் சொல்லித்தான் பார்க்கத் தொடங்கினானாம். ஒரு பகுதி முடியுமுன்னே அடுத்தது தானாக ஓடத் தொடங்கிவிடுகிறது. அதை நிறுத்தி வைக்கும் வசதி இருக்கிறதென்று பின்னர் அறிந்தோம். அதை யார் தேடிப் போகிறார்கள்?

அவனைக் கடிந்துகொள்ள எங்களுக்கு வாயெழவில்லை. அன்றிரவு நாங்களும் விழித்தேதான் இருந்தோம். ஒருவர் கூடத்தில் ஒரு தொடரோடும், மற்றவர் படுக்கையில் வேறொரு படத்தோடும் நள்ளிரவைக் கடந்தோம். அவன் அறையில் வெளிச்சம் எரிந்ததை இருவரும் கண்டோம். யாரும் எழுந்து போய்க் கதவைத் தட்டவில்லை. ஒரே கூரையின் கீழ் மூவர் விழித்திருந்தோம், ஒருவரையொருவர் காணாமல்.

கெத்சமனித் தோட்டத்தில் நம் ஆண்டவர் தம் சீடர்களை ஒரு மணி நேரம் தம்மோடு விழித்திருக்கக் கேட்டார். அவர்கள் உறங்கிப் போனார்கள். அவர்களைக் குறைகூறும் மறையுரைகளை எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். அன்று அவர்கள் உறங்கியது குறை. எங்கள் வீட்டில் உறங்காதது குறை. ஆயினும் இரண்டும் ஒரே குறைதான் என்று இப்போது தோன்றுகிறது. பக்கத்தில் இருப்பவரின் ஆபத்தைக் காணாத கண், மூடியிருந்தால் என்ன, திறந்திருந்தால் என்ன?

இதனால் திரையே தீது என்று நாங்கள் சொல்ல வரவில்லை. திருஅவையும் அப்படிச் சொன்னதில்லை. கிறிஸ்து பிறப்பு இரவுத் திருப்பலிக்குச் செல்ல இயலாது நோயுற்றுக் கிடந்த புனித கிளாரா, தம் அறையிலிருந்தே அத்திருப்பலியைக் கண்டதாக மரபு சொல்கிறது. அதனால் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1958-இல் அவரைத் தொலைக்காட்சிக்குப் பாதுகாவலராக அறிவித்தார். ஊரடங்கு நாள்களில் எங்கள் வீட்டுப் பாட்டிக்கும் அந்தப் பேறு கிட்டியது. 2020 மார்ச் 27 மாலை, மழையில் நனைந்த பேதுரு சதுக்கத்தில், மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் தனியே நின்று உலகுக்காகச் செபித்ததை ஒரே கைப்பேசியைச் சுவரில் சாய்த்து வைத்து எல்லாரும் பார்த்தோம். பாட்டி கைகூப்பியிருந்தார். செபம் முடிந்தது, திரை அணைந்தது, நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம்.

அந்த 'முடிந்தது' என்ற சொல்லைத்தான் நாங்கள் இளைஞர்களிடம் எடுத்துச் சென்றோம். திருப்பலிக்கு இலத்தீனில் வழங்கும் 'மிசா' என்ற பெயரே, இறுதியில் மக்களை அனுப்பி வைக்கும் சொல்லிலிருந்து வந்தது. எத்துணை அழகிய வழிபாடாயினும் ஒரு கட்டத்தில் நிறைவுற்று, நம்மை வீட்டுக்கும் வேலைக்கும் அயலாரிடமும் அனுப்பி விடுகிறது. நாட்காட்டியும் ஒரு நாளுக்கு ஒரு தாளைத்தான் தருகிறது. நாளைய தாளை இன்றே கிழிப்பவர் இல்லை. சந்தைச் சேவைகளோ நம்மை அனுப்பி வைக்க விரும்புவதில்லை. அனுப்பி வைத்தால் அவற்றுக்கு நட்டம். நாம் தொடங்கும் சேவை புனிதர் கதையையே காட்டினாலும், இரவு இரண்டு மணிக்கும் அடுத்த கதையைத் தானாக ஓட்டுமானால், அதற்கும் மற்றவற்றுக்கும் லேபிளில்தானே வேறுபாடு?

இதை ஏற்றவரும் உண்டு, ஏற்காதவரும் உண்டு. "எல்லாரும் ஓடும்போது நாம் மட்டும் நின்றால் யார் நம்மைப் பார்ப்பார்கள்?" என்று ஓர் இளைஞர் கேட்டார். நியாயமான கேள்வி. எங்களிடம் விடை இல்லை. அவர் பின்னர் அந்தக் குழுவிலிருந்து விலகிக்கொண்டார். எங்கள் மகன்தான் முடிவில் பேசினான்: "நம்மைப் பார்த்துவிட்டுத் தூங்கப் போகட்டும். அது போதும்."

திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறன்று அவர்கள் சேவை தொடங்கியது. அதை ஓ.டி.டி. என்று அழைப்பது சற்று மிகைதான். வாரத்துக்கு ஒரு காணொலி, பன்னிரண்டு நிமிடம். அன்பியக் குடும்பங்களுக்கு மாலை ஏழு மணிக்கு அனுப்புகிறார்கள். இறுதியில் ஒரு கேள்வி வரும். அதைக் குடும்பம் கூடிப் பேச வேண்டும். அடுத்தது என்று எதுவும் ஓடாது. முதல் வாரம் முப்பத்தொரு குடும்பங்கள் பார்த்தன. இன்றும் ஏறக்குறைய அவ்வளவே. போட்டியில் வென்றோம் என்று சொல்ல ஒன்றுமில்லை. வேறு சேவைகளை எங்கள் வீட்டில் அடியோடு நிறுத்திவிட்டோம் என்று சொன்னாலும் பொய்யாகும். சில இரவுகளில் இன்னும் தவறுகிறோம்.

ஆனால் அன்றுதொட்டு ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். இரவு செபமாலை முடிந்ததும், கூடத்தில் மாட்டியிருக்கும் நாட்காட்டியின் கீழுள்ள பலகையில் மூன்று கைப்பேசிகளையும் வைத்துவிடுகிறோம். அன்றைய தாளைக் கிழிப்பது மகனின் வேலை. கிழித்துவிட்டு, "நான் படுக்கப் போகிறேன், அம்மா" என்பான். விளக்கு அணையும். நாங்கள் இன்னும் சிறிது நேரம் விழித்திருந்து, அடுத்த அறையில் அவன் சீராக மூச்சுவிடும் ஒலியைக் கேட்டுக்கொண்டிருப்போம். அந்த ஒலி கேட்ட பின்பே எங்கள் கண்களும் மூடுகின்றன. காலையில் அவன் மருந்து அறைக்குப் போக வேண்டும்.

அவர்கள் கேட்ட சின்னத்தையும் வரைந்து கொடுத்தோம். அணைக்கப்பட்ட ஓர் அகல் விளக்கும், அதன் பின்னே விடியும் வானமும்.